பாரம்

டோக்கன் நூற்று நாற்பத்து மூன்று.
அன்றுவரை எடைபோட்டது பதினெட்டு.
கொரடாச்சேரி கிளை நூலகத்தில்
இருப்பதிலேயே கனமான நாவலைக் கேட்டேன்.
"என்ன மாதிரி வேணும்?" என்றார்.
"நெல்லு எடுக்கிற வரைக்கும் வர்ற மாதிரி."

ஆயிரத்து நாற்பது பக்கம்.
முத்திரைப்படி கடைசியாக ஒருவர் எடுத்துப்போய்
பதினோரு வருடம்.

முதல் நூறு பக்கம் பிடிக்கவில்லை.
மழை வருகிறது என்று சொல்ல
நாலு பக்கம் எடுத்துக்கொள்கிற ஆள்.
எங்களுக்கு அது ஒரு வார்த்தை,
வார்த்தைகூட இல்லை,
அண்ணாந்து பார்த்து நாக்கைக் கொட்டுவது.
ஆனால் அம்பாரத்தை விட்டு
எங்கே எழுந்து போவது?

பகல் காவல் தம்பி, ராக்காவல் நான்.
கொள்முதல் நிலையத்தின் ஒற்றை விளக்குக்கு
வயலிலிருந்து தத்துப்பூச்சிகள் வந்து
எழுத்துகளின் தலையில் உட்கார்ந்து
இல்லாத புள்ளிகளை வைத்தன.
ஊதி ஊதிப் படித்தேன்.

நாலாம் இரவு எப்போது உள்ளே போனேன் தெரியாது.
பக்கிரி எல்லோரிடமும் கடன் வாங்குகிறான்,
வாங்கும்போதே சிரிக்க வைக்கிறான்.
அவன் அண்ணி அரியநாச்சி
அறுநூறு பக்கமாக வாய் திறப்பதில்லை.
சோறு போடுகிறாள், விளக்கை அணைக்கிறாள்.
"பேசித் தொலையேன்டி!"
பக்கத்து அம்பாரத்துக் கலியமூர்த்தி எழுந்துவிட்டார்.
"யாருகிட்ட?"
"எலி" என்றேன்.

பக்கம் 388இன் ஓரத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
இவனை நம்பாதே.
நான் ஏற்கெனவே நம்பிவிட்டிருந்தேன்.

எழுநூறாம் பக்கம்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
வெள்ளத்தில் கால் வைக்கிறான் பக்கிரி.
புரட்டினால் எழுநூற்றுப் பதினேழு.
அவன் சட்டைகளைப்
பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரு பாரம் விட்டுப்போச்சுக்கா" என்றான்
சுமை தூக்கும் தியாகேசன்.
கும்பகோணத்தில் நாலு வருடம்
பைண்டிங்கில் இருந்தவனாம்.
"பதினாறு பக்கம் ஒரே தாளு.
மடிச்சு மடிச்சு வெட்டுறது.
எவனோ தூங்கிட்டான்."
நாற்பது கிலோ மூட்டை கழுத்தில் இருக்க
நின்று நிதானமாகச் சொல்லிவிட்டு நடந்தான்.

காணாத சாவுக்கு எப்படி அழுவது?
ஒரு ராத்திரி அவனை வழுக்க விட்டேன்.
ஒரு ராத்திரி சுழலில்.
ஒரு ராத்திரி கடன் கொடுத்தவன் எவனோ
பின்னாலிருந்து கை வைத்தான்.
எதுவும் பொருந்தவில்லை, அந்தச் செருப்பு
எப்போதும் கையிலேயே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் எங்களுக்கும் பெய்தது.
தார்ப்பாயின் மூலையை மிதித்து நின்றபோது
அந்த நாலு பக்கத்தை நினைத்தேன்.
சத்தத்தைச் சரியாக எழுதியிருந்தான் மனுஷன்.
அடியில் ஊறி வருவதை மட்டும் விட்டுவிட்டான்.
இரண்டு மூட்டையளவு
வெள்ளையாய் முளை கட்டியது.
ஈரப்பதம் இருபத்தொன்று.
"காய வெச்சுக் கொண்டாங்க."

பதினேழாம் நாள் எடை போட்டார்கள்.
அன்று ராத்திரி வீட்டில், மின்விசிறியின் கீழே
கடைசிப் பக்கத்தை முடித்தேன்.
உடம்பு காவலுக்குப் போகத் தயாராக இருந்தது.

பங்குனியில் வங்கி வேலையாகத் திருவாரூர் போனேன்.
மாவட்ட நூலகத்தில் அதே புத்தகம்,
முழுசாக.
நின்றபடியே 701.

ஆறு இல்லை.
பக்கிரியும் இல்லை.
அரியநாச்சி முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருக்கிறாள்.
யாரும் கேட்காத மத்தியானத்தில்
பேசுகிறாள்.
தாலி கட்டிய நாளிலிருந்து தொடங்கி
கன்றுக்குட்டியிடம், பதினாறு பக்கம்
மூச்சு விடாமல் பேசுகிறாள்.
அக்கரையில் என்ன ஆயிற்று என்று
அவளுக்கும் தெரியாது.
மகனைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு
உலை வைக்கப் போகிறாள்.

உட்கார நாற்காலி தேடினேன்.

கொரடாச்சேரிக்குத் திரும்பி
தாமதக் கட்டணத்தைக் கட்டுமுன்
நூலகர் சில்லறைக்குக் குனிந்த நேரத்தில்
எழுநூறாம் பக்கத்தின் அடியில்
பென்சிலால் எழுதினேன்:
அவள் பேசிவிட்டாள்.
திருவாரூரில் இருக்கிறது.
பஸ் செலவைப் பார்க்காதீர்கள்.